106 ஆட்டங்களில் பந்து எறிந்த கை!

ஒரு மனிதனின் கை எவ்வளவு உழைப்பைத் தாங்கும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்வார்கள். அந்த எண் 106.

1974-ம் ஆண்டில் மைக் மார்ஷல் என்ற பேஸ்பால் வீரர் ஒரே சீசனில் 106 ஆட்டங்களில் பந்து எறிந்தார். அவருடைய கோஷ்டி அந்தச் சீசனில் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 162. அதாவது, மூன்று ஆட்டம் நடந்தால் அதில் இரண்டில் அவர் பந்து எறிந்தார்.

அவருக்கு முன்பும் யாரும் 100 ஆட்டத்தைத் தொட்டதில்லை. அவருக்குப் பின்பும் யாரும் தொட்டதில்லை. 50 ஆண்டுகள் கடந்தும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது.

இதில் என்ன பெரிய ஆச்சரியம் என்று கேட்கலாம். அதைப் புரிந்துகொள்ள, முதலில் பேஸ்பால் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேஸ்பால் எப்படி ஆடுகிறார்கள்?

கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலிலும் ஒருவர் பந்து எறிவார். எதிர்க் கோஷ்டிக்காரர் மட்டையால் அடிப்பார். பந்து எறிபவருக்குப் "பிட்சர்" என்று பெயர்.

ஒரு கோஷ்டிக்கு 9 பேர். மூன்று பேர் அவுட் ஆனால் அந்தக் கோஷ்டியின் முறை முடிந்துவிடும். அடுத்த கோஷ்டி மட்டை பிடிக்க வரும். இப்படி ஒவ்வொரு கோஷ்டிக்கும் 9 முறை வாய்ப்பு உண்டு. ஆகவே, ஓர் ஆட்டம் முழுவதும் ஒரே பிட்சர் பந்து எறிந்தால், அவர் 27 அவுட் எடுக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடி வந்து வீசுவார். கையை மடக்கி எறியக் கூடாது. பேஸ்பாலில் ஓட்டம் கிடையாது. பிட்சர் ஒரு மேட்டின் மேல் நிற்பார். அங்கிருந்தே கையை மடக்கி, சுழற்றி, பலம் முழுவதையும் திரட்டி எறிவார். மட்டைக்காரர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குல தூரம். பந்து மணிக்கு 140 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கும்.

ஓடி வரும் வேகம் துணைக்கு இல்லை. கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து தள்ளும் வேகம் கடைசியில் தோளிலும் முழங்கையிலும் வந்து விழுகிறது. ஒரு முறை அல்ல. ஒரே நாளில் நூறு முறை கூட!

அதனால்தான் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஒரு நாள் பந்து எறிந்தால், இந்தக் காலத்தில் அவருக்கு நாலைந்து நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். ஓய்வு இல்லாமல் எறிந்தால் கை கெட்டுவிடும் என்ற பயம்.

அந்தக் காலத்து அசுர உழைப்பு

ஆரம்ப காலத்தில் இந்த ஓய்வெல்லாம் கிடையாது. ஒரு கோஷ்டிக்கு ஒன்றிரண்டு பிட்சர்கள்தான் இருப்பார்கள். தொடங்கியவரே கடைசி வரை எறிய வேண்டும்.

1884-ம் ஆண்டில் பிராவிடன்ஸ் நகரக் கோஷ்டியில் இரண்டு முக்கிய பிட்சர்கள் இருந்தார்கள். ஒருவர் சார்லஸ் ராட்போர்ன். இன்னொருவர் சார்லி ஸ்வீனி. சீசன் பாதியில் ஸ்வீனி கோஷ்டியை விட்டுப் போய்விட்டார். கோஷ்டியே கலைந்துவிடும் போல இருந்தது.

அப்போது ராட்போர்ன், "மீதி ஆட்டங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பை ஏற்றார். அதற்குக் கூடுதல் சம்பளமும், சீசன் முடிந்ததும் தன் விருப்பப்படி வேறு கோஷ்டிக்குப் போகும் உரிமையும் கேட்டுப் பெற்றார்.

சொன்னபடி செய்தார். அந்த ஆண்டு அவர் 75 ஆட்டங்களில் பந்து எறிந்தார். அதில் 73 ஆட்டங்களை அவரே தொடங்கி, அவரே முடித்தார். கோஷ்டி முதலிடம் பிடித்தது.

ஆனால் கை? காலையில் எழுந்தால் தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் அவர் தவித்தார் என்று சொல்வார்கள்.

அக்காலத்தில் பிட்சர் நிற்கும் தூரம் குறைவு. இன்றைய அளவு 1893-ம் ஆண்டில்தான் வந்தது. தூரம் கூடியது. ஒரே ஆள் எல்லா ஆட்டங்களையும் சுமக்கும் காலம் முடிந்தது.

"மாற்று பிட்சர்" வந்தார்

பிறகு ஒரு புது ஏற்பாடு பிறந்தது. தொடங்கிய பிட்சர் களைத்துப் போனால், பாதியில் வேறொருவரை இறக்குவது. இவர்தான் மாற்று பிட்சர்.

முதலில் இவர்களுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. தொடக்க ஆளாக இருக்கத் தகுதி இல்லாதவர் என்றே நினைத்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியவர்களில் ஒருவர் ஜிம் கான்ஸ்டன்டி. 1950-ம் ஆண்டில் பிலடெல்பியா கோஷ்டிக்காக 74 ஆட்டங்களில் மாற்று ஆளாக வந்து பந்து எறிந்தார். அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்கே கிடைத்தது. மாற்று பிட்சர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு எண்ணிக்கை படிப்படியாக ஏறியது. 1968-ல் வில்பர் வுட் 88 ஆட்டம். 1969-ல் வேய்ன் கிரேஞ்சர் 90 ஆட்டம். "இதற்கு மேல் ஒரு கை தாங்காது" என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் மார்ஷல் வந்தார்.

ரெயில் மோதியும் பிழைத்த சிறுவன்

மைக் மார்ஷல் 1943-ம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் ஏட்ரியன் என்ற ஊரில் பிறந்தார்.

அவருக்கு 11 வயது இருக்கும்போது ஒரு பெரிய விபத்து நடந்தது. அவர் போன காரின் மீது ரெயில் மோதியது. காரை ஓட்டிய உறவினர் இறந்துபோனார். சிறுவன் மார்ஷல் பிழைத்துக்கொண்டான். ஆனால் முதுகில் பலத்த அடி.

அந்த முதுகுதான் அவரைப் பிட்சர் ஆக்கியது. முதலில் அவர் களத்தில் நின்று பந்தைத் தடுக்கும் ஆட்டக்காரராகவே இருந்தார். அதற்கு அடிக்கடி குனிய வேண்டும். முதுகு இடம் கொடுக்கவில்லை. எனவே பந்து எறியும் வேலைக்கு மாறினார்.

அவர் உயரமான ஆளும் இல்லை. பயங்கர வேகமும் அவரிடம் கிடையாது. பல கோஷ்டிகள் அவரை எடுத்துக்கொண்டு, பிறகு கைகழுவின. டெட்ராய்ட், சியாட்டில், ஹூஸ்டன் என்று ஊர் ஊராக மாறினார்.

ஆனால் அவரிடம் வேறு ஒன்று இருந்தது. அது படிப்பு!

தன் கையையே பாடமாகப் படித்தார்

சீசன் முடிந்ததும் மற்ற வீரர்கள் ஓய்வெடுக்கப் போவார்கள். மார்ஷல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். உடல் எப்படி அசைகிறது, தசை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவர் படித்த பாடம். பட்டம் வாங்கினார். மேல் பட்டம் வாங்கினார். 1978-ல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, டாக்டர் பட்டமும் வாங்கினார்.

அதிவேக சினிமா காமிராவை வைத்து, தான் பந்து எறிவதைப் படம் பிடித்தார். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். கை எந்த இடத்தில் இழுபடுகிறது, முழங்கைக்கு எப்போது ஆபத்து வருகிறது என்று ஆராய்ந்தார்.

அவருடைய முக்கிய ஆயுதம் "ஸ்குரூபால்" என்ற பந்து. வலக்கைக்காரர் வளைத்து எறியும் பந்து வழக்கமாக அவருக்கு இடப்பக்கம் வளையும். ஸ்குரூபால் அதற்கு நேர்மாறாக வலப்பக்கம் வளையும். அதை எறியும்போது கட்டை விரல் கீழ்நோக்கிப் போகும்படி முன்கையைத் திருப்ப வேண்டும்.

"அந்தப் பந்து கையைக் கெடுத்துவிடும்" என்று பலர் பயந்தார்கள். மார்ஷல் சொன்னது வேறு. முன்கையை அப்படித் திருப்புவதுதான் முழங்கைக்குப் பாதுகாப்பு என்பது அவர் கட்சி.

இவரை நம்பியவர் மாண்ட்ரீல் கோஷ்டியின் மேனேஜர் ஜீன் மாச். மார்ஷல் தன் விருப்பப்படி பந்து எறிய அவர் அனுமதி கொடுத்தார். 1973-ல் மார்ஷல் 92 ஆட்டங்களில் பந்து எறிந்தார். பழைய சாதனை முறிந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் கோஷ்டி அவரை வாங்கிக்கொண்டது.

தொடர்ந்து 13 ஆட்டங்கள்!

1974 சீசன் தொடங்கியது. மார்ஷலைக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் தயாராக இருந்தார். இன்று எறிந்தார், நாளையும் எறிந்தார், மறுநாளும் எறிந்தார்.

ஜூன் 18-ல் இருந்து ஜூலை 3 வரை கோஷ்டி ஆடிய 13 ஆட்டங்களில், ஒன்றுகூட விடாமல் வந்து பந்து எறிந்தார்.

சீசன் முடிந்தபோது கணக்கு இதுதான்: 106 ஆட்டங்கள், 15 வெற்றிகள், இன்னும் 21 ஆட்டங்களில் கோஷ்டியின் வெற்றியைக் கடைசி நேரத்தில் காப்பாற்றிக் கொடுத்தார். டாட்ஜர்ஸ் 102 ஆட்டங்களில் வென்றது.

சிறந்த பிட்சருக்கு ஆண்டுதோறும் "சை யங் பரிசு" வழங்குகிறார்கள். அதுவரை மாற்று பிட்சர் ஒருவருக்கும் அது கிடைத்ததில்லை. 1974-ல் நேஷனல் லீக்கில் அது மார்ஷலுக்குக் கிடைத்தது.

ஓட்டக்காரரை மடக்கினார்

அந்த ஆண்டு "வேர்ல்டு சீரீஸ்" என்ற இறுதிப் போட்டியில் டாட்ஜர்ஸ் கோஷ்டி ஓக்லண்ட் கோஷ்டியுடன் மோதியது. நடந்த 5 ஆட்டங்களிலும் மார்ஷல் பந்து எறிந்தார்.

ஓக்லண்ட் கோஷ்டியில் ஹெர்ப் வாஷிங்டன் என்பவர் இருந்தார். அவர் மட்டையே பிடிக்க மாட்டார். பந்தும் எறிய மாட்டார். ஓட்டப் பந்தய வீரரான அவரை ஓடுவதற்கு என்றே சேர்த்திருந்தார்கள்!

இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம். டாட்ஜர்ஸ் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. வாஷிங்டன் ஓடத் தயாராக நின்றார். அவர் ஓடிவிட்டால் ஆட்டம் சமமாகும் ஆபத்து. மார்ஷல் நிதானமாகக் காத்திருந்தார். பிறகு சட்டென்று திரும்பிப் பந்தை எறிந்தார். வாஷிங்டன் அவுட்! டாட்ஜர்ஸ் வென்றது.

ஐந்தாவது ஆட்டத்தில் கதை மாறியது. இரண்டு கோஷ்டிகளும் சமமாக இருந்த நேரம். ரசிகர்கள் மைதானத்துக்குள் பொருள்களை வீசியதால் ஆட்டம் சில நிமிடம் நின்றது. மீண்டும் தொடங்கும்முன் மார்ஷல் கையைச் சூடேற்றப் பந்து எறிந்து பார்க்கவில்லை. அடுத்து அவர் எறிந்த முதல் பந்தையே ஜோ ரூடி எல்லைக்கு வெளியே பறக்கவிட்டார். ஓக்லண்ட் வென்றது. கோப்பையும் அவர்களுக்கே போனது.

ஒரே கோஷ்டி, இரண்டு கைகள்

அதே ஆண்டு, அதே டாட்ஜர்ஸ் கோஷ்டியில் இன்னொரு கையின் கதையும் நடந்தது.

டாமி ஜான் என்பவர் இடக்கைப் பிட்சர். அந்த ஆண்டு அவர் 13 ஆட்டங்களில் வென்று, 3 ஆட்டங்களில் மட்டுமே தோற்றிருந்தார். ஜூலை 17 அன்று பந்து எறியும்போது, முழங்கை எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் அறுந்துவிட்டது.

அதுவரை அப்படி அறுந்தால், பிட்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

டாக்டர் பிராங்க் ஜோப் ஒரு புது ஆபரேஷனைச் செய்து பார்க்கலாம் என்றார். ஜானின் வலக்கையிலிருந்து ஒரு நாரை எடுத்து, இடது முழங்கையில் வைத்துக் கட்டுவது. பலிக்க நூற்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று டாக்டர் கணக்குப் போட்டார். 1974 செப்டம்பர் 25-ல் ஆபரேஷன் நடந்தது.

1975 முழுவதும் ஜான் ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்தார். 1989 வரை பந்து எறிந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களில் வென்றார்! இன்றும் அந்த ஆபரேஷனை "டாமி ஜான் ஆபரேஷன்" என்றே அழைக்கிறார்கள். எத்தனையோ இளம் பிட்சர்கள் அதைச் செய்துகொண்டுதான் ஆடுகிறார்கள்.

ஒரே கோஷ்டி. ஒரே சீசன். ஒரு கை 106 ஆட்டம் தாங்கியது. இன்னொரு கை பாதியில் அறுந்தது. "எவ்வளவு தாங்கும்" என்பது கைக்குக் கை மாறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

90-ஐத் தொட்ட ஐவர்

ஒரு சீசனில் 90 ஆட்டங்களையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் 5 பேர்தான். மார்ஷல், கிரேஞ்சர் தவிர மற்ற மூவர் இவர்கள்:

கென்ட் டெகுல்வே: ஒல்லியான, நெட்டையான, கண்ணாடி போட்ட மனிதர். கையைத் தரையைத் தொடுவதுபோலத் தாழ்த்தி எறிவார். 1979-ல் பிட்ஸ்பர்க் கோஷ்டிக்காக 94 ஆட்டம் ஆடினார். அந்த ஆண்டு அந்தக் கோஷ்டிதான் கோப்பையை வென்றது. 1987-ல், 40-வது வயதில், மீண்டும் 90 ஆட்டங்களில் பந்து எறிந்தார்!

சலமோன் டோரஸ்: டொமினிகன் குடியரசைச் சேர்ந்தவர். 1997-ல் ஆட்டத்தையே விட்டுப் போனவர், 2002-ல் திரும்பி வந்தார். 2006-ல் 94 ஆட்டம்.

பெட்ரோ பெலிசியானோ: போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த இடக்கைக்காரர். நியூயார்க் மெட்ஸ் கோஷ்டிக்காக 2008-ல் 86, 2009-ல் 88, 2010-ல் 92 ஆட்டங்களில் பந்து எறிந்தார். பிறகு யாங்கீஸ் கோஷ்டி அவரை எடுத்தது. ஆனால் தோள்பட்டை கெட்டுப்போனதால், அந்தக் கோஷ்டியின் பெரிய ஆட்டம் ஒன்றில்கூட அவரால் பந்து எறிய முடியவில்லை.

கணக்குக்குள் ஒரு கணக்கு

ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 106-க்கும் 92-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஆட்டத்துக்கு எத்தனை அவுட் எடுத்தார்கள் என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

மார்ஷல் 106 ஆட்டங்களில் 625 அவுட். ஆட்டத்துக்குச் சுமார் 6.

டெகுல்வே 1979-ல் 94 ஆட்டங்களில் 403 அவுட். ஆட்டத்துக்குச் சுமார் 4.

டோரஸ் 94 ஆட்டங்களில் 280 அவுட். ஆட்டத்துக்கு 3.

பெலிசியானோ 2010-ல் 92 ஆட்டங்களில் 188 அவுட். ஆட்டத்துக்கு 2.

காலம் போகப் போக, ஒரு மாற்று பிட்சரின் வேலை சிறிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. பிற்காலத்தில் ஒரே ஒரு மட்டைக்காரருக்கு மட்டும் பந்து எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வேலை அவ்வளவு குறைந்தும், பெலிசியானோவின் தோள் தாங்கவில்லை. சின்ன வேலை ஆனாலும், அதற்காகத் தினமும் கையைச் சூடேற்ற வேண்டும் அல்லவா? அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை!

2020-ல் ஒரு புது விதி வந்தது. உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று மட்டைக்காரர்களுக்காவது பந்து எறிய வேண்டும். அல்லது எதிர்க் கோஷ்டியின் முறையை முடிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு எறிந்துவிட்டு ஓடும் வழக்கம் நின்றது. கைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கவலையும் கோஷ்டிகளுக்கு அதிகமாகிவிட்டது. எனவே 106-ஐ இனி ஒருவர் எட்டுவது சிரமம்.

கையெழுத்து கேட்ட குழந்தைகள்

மார்ஷல் 1979-ல் மின்னசோட்டா கோஷ்டியில், 36-வது வயதில், மீண்டும் 90 ஆட்டங்களில் பந்து எறிந்தார். அமெரிக்கன் லீக்கில் இன்றுவரை அதுதான் அதிகம். அங்கேயும் மேனேஜராக இருந்தவர் அவரை முன்பு நம்பிய அதே ஜீன் மாச்!

1981-ல் ஆட்டத்தை விட்ட பிறகு, புளோரிடாவில் பிட்சர் பள்ளி ஒன்றை நடத்தினார். முழங்கை அறுபடாமல் பந்து எறியும் முறை தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பெரிய கோஷ்டிகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அவர் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை. 2021-ல், 78-வது வயதில் காலமானார்.

புகழின் உச்சியில் இருந்தபோது குழந்தைகள் அவரிடம் கையெழுத்து கேட்டு வருவார்கள். மார்ஷல் போட மாட்டார். கர்வம் பிடித்தவர் என்று பலர் திட்டினார்கள்.

அவர் சொன்ன காரணம் வேறு. பந்து எறிகிறவன் பெரிய மனிதன் அல்ல. கையெழுத்து வேண்டுமானால் உங்கள் ஆசிரியரிடம் போய் வாங்குங்கள் என்பார்.

முதுகில் அடிபட்ட சிறுவனை 106 ஆட்டம் ஆட வைத்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது!